கண்டங்கள் நகர்கின்றன என்றவர்: ஆல்ஃபிரட் வெகனர்

பூகோள வகுப்பில் உலகப் படத்தைச் சுவரில் மாட்டியதும் நம்மில் பலர் ஒன்றைக் கவனித்திருப்போம். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரை எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ, அதற்கு நேரே ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை உள்வாங்கி இருக்கிறது. ஒரே காகிதத்தை இரண்டாகக் கிழித்தாற்போல் தோன்றும். நாம் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போக மனமின்றி அங்கேயே நின்றுவிட்டவர் ஆல்ஃபிரட் வெகனர்.

ஜெர்மனியில் பெர்லின் மாநகரில் 1880-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று அவர் பிறந்தார். தந்தை ஒரு புராட்டஸ்டாண்டு போதகர், ஆசிரியரும்கூட. ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. 1905-இல் வான நூலில் டாக்டர் பட்டம் பெற்றாலும் இவருடைய மனம் காற்றையும் மழையையும் பனியையுமே நாடியது. மறு ஆண்டு அண்ணன் கூர்ட்டுடன் பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் வானில் மிதந்தார். அக்காலத்தில் அதுவே உலக சாதனை. அதே ஆண்டு முதன்முறையாகக் கிரீன்லாந்து சென்றார். அந்தப் பனிநாடு அவரைக் கடைசிவரை விடவில்லை.

1910-இன் இறுதியில் நண்பர் ஒருவரின் புதிய தேசப்படப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தக் கரைகளின் பொருத்தம் அவர் கண்ணில் பட்டது. முதலில் அவரே அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடுத்த ஆண்டு படித்த ஓர் அறிக்கைதான் அவரைப் பிடித்து உலுக்கியது. மீசோசாரஸ் என்னும் சிறிய ஊர்வனவற்றின் எலும்புகள் பிரேசிலிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தன. இவ்வளவு சிறிய பிராணி அட்லாண்டிக் கடலை எப்படி நீந்திக் கடந்திருக்கும்? குளோசாப்டெரிஸ் என்னும் பழைய செடியின் இலைத்தடங்களோ தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மட்டுமின்றி நம் இந்தியாவிலும் உண்டு. வெயில் காயும் நம் நாட்டுப் பாறைகளிலும் பழங்காலப் பனியாறுகள் கீறிய தழும்புகள் இருக்கின்றன. கண்டங்களுக்கு இடையே நிலப்பாலங்கள் இருந்து பின்பு கடலில் மூழ்கிவிட்டன என்று அன்றைய அறிஞர் சொல்லிவந்தனர். வெகனரோ, கண்டங்களெல்லாம் ஒருகாலத்தில் ஒரே நிலமாக இருந்து, உடைந்து விலகின என்றார். 1912 ஜனவரியில் இதை முதன்முதலாக மேடையில் கூறினார். உலகப் போரில் இருமுறை காயமுற்று ஓய்வில் இருந்த நாட்களில் எழுதி, 1915-இல் நூலாக வெளியிட்டார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. வானிலைக்காரருக்குப் பாறையில் என்ன வேலை என்றனர் சிலர். ஆனால் நியாயமான கேள்வி ஒன்றும் இருந்தது: இவ்வளவு பெரிய கண்டத்தைத் தள்ளும் சக்தி எது? பூமி சுழல்வதாலும் சந்திர சூரியரின் ஈர்ப்பாலும் எழும் விசைகளை அவர் காட்டினார். அவை மிக மிகச் சிறியவை என்று கணக்கு நிரூபித்தது. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக அவர் சொன்னதும் பிழையே. உண்மையில் அது சில சென்டிமீட்டர்தான். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய தவறுகளை மறைப்பது நமக்குச் சரியென்று படவில்லை.

சரியான விடைக்கு அருகில் வந்தவர் இங்கிலாந்தின் ஆர்தர் ஹோம்ஸ். பூமிக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் வெப்பம் தருகின்றன. அதனால் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை மிக மெதுவாகப் புரளுகிறது என்று 1920-களின் இறுதியில் அவர் கூறினார். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது நடுவில் பொங்கி எழுந்து, மேலே படர்ந்த ஆடையை ஓரத்துக்குத் தள்ளுவதை நாம் சமையலறையில் பார்த்திருக்கிறோம். அதுபோலத்தான். ஆனால் அந்தப் பாறை திரவமன்று. திடமாக இருந்தபடியே கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஊர்கிறது.

1930-இல் வெகனர் மீண்டும் கிரீன்லாந்து சென்றார். கடற்கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, பனியின் நட்டநடுவில் இருவர் தங்கிக் காற்றையும் குளிரையும் அளந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு உணவும் எரிபொருளும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. அக்டோபர் 20-க்குள் வராவிட்டால் நடந்தே திரும்பிவிடுவோம் என்று செய்தி அனுப்பியிருந்தனர். அந்தக் குளிரில் நடந்தால் சாவு நிச்சயம். ஆகவே தலைவரான வெகனர் தாமே புறப்பட்டார். செப்டம்பர் 21-இல் 15 நாய்வண்டிகளுடன் கிளம்பிய கூட்டத்தில் கிரீன்லாந்துக்காரர் பெரும்பாலோர் திரும்பினர். கடைசியில் மிஞ்சியவர் மூவரே: வெகனர், ஃபிரிட்ஸ் லோவே, ராஸ்முஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞர். வழியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டியது. 40 நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்தவர்கள் பனியைக் குடைந்து குகை அமைத்து, இருப்பதைக் கொண்டு குளிர்காலத்தைக் கழிப்பதென முன்பே முடிவு செய்திருந்தனர்!

கொண்டுபோன பொருள்களில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை. இருந்த உணவு ஐவருக்குப் போதாது. லோவேயின் கால்விரல்கள் குளிரில் கருகிவிட்டதால் அவரால் நகர முடியாது. பிற்பாடு அந்த விரல்களை அங்கேயே பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தார்கள். வெகனரும் வில்லும்சனும் நவம்பர் முதல் நாள் திரும்பிப் புறப்பட்டனர். அன்று வெகனருக்கு 50 வயது நிறைந்தது.

இருவரும் கரை சேரவில்லை. 1931 மே மாதம் பாதி வழியில் பனியில் ஊன்றிய பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடிச் சென்றவர்கள் கண்டனர். கீழே தோண்டியபோது, உறைகளில் வைத்து ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்த வெகனரின் உடல் கிடைத்தது. அந்தத் தனிமையில், சாகும் குளிரில், தம் தலைவரை மரியாதையோடு அடக்கம் செய்துவிட்டு வில்லும்சன் தொடர்ந்து நடந்திருக்கிறார். அவரையும் அவர் எடுத்துச் சென்ற நாட்குறிப்பையும் இன்றுவரை யாரும் காணவில்லை. பாடப்புத்தகங்கள் வெகனரை நினைவில் வைத்திருக்கின்றன. அந்த இளைஞருக்கும் அதில் ஓர் இடம் உண்டென்று நாம் நினைக்கிறோம்.

கண்டங்கள் நகர்வதற்கான சான்று கடலடியில் கிடந்தது. அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் உச்சியில் பள்ளத்தாக்கு ஒன்று நீளுவதை மரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1950-களின் தொடக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று உடன் பணிபுரிந்தவர் முதலில் ஒதுக்கினாராம்! 1960-களில் கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள் ஐயத்தைத் தீர்த்தன. இப்போது அந்தப் பதிவுகளைக் கொண்டு கண்டங்களைப் பின்னோக்கி நகர்த்தி, பண்டைய உலகப் படத்தை வரைகிறார்கள். பூமிக்குள் அமிழ்ந்துபோன பழைய கடலடித் தட்டுகளைக்கூட நிலநடுக்க அலைகளால் கண்டறிந்து, ஆழத்துப் பாறை எப்படிப் புரண்டது என்று கணக்கிடுகிறார்கள்.

வெகனரின் மனைவி எல்சே, மூன்று பெண்மக்களோடு தனித்து விடப்பட்டவர். கணவரின் கடைசிப் பயணத்தைப் பற்றிய நூலைத் தொகுத்து வெளியிட்டார். நூறு வயது வரை வாழ்ந்து 1992-இல் அவர் மறைந்தபோது, கண்டங்கள் நகர்வதை உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.