மணலிலிருந்து ராக்கெட் வரை: டாக்டர் பிரம்ம பிரகாஷ்

போன லீவில் ஒரகடம் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். அலுமினியம் ஓடும்போது ஆபரேட்டர் அண்ணன் ஜாலியாகப் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் டைட்டானியம் ஜாப் வந்தது, பேச்சே நின்றுவிட்டது. ஸ்பீடைக் குறைத்தார், கூலன்ட்டை முழுசாகத் திறந்தார், இன்செர்ட் முனையை அடிக்கடி எட்டிப் பார்த்தார். டைட்டானியம் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. வெட்டும்போது வரும் சூடெல்லாம் டூல் முனையிலேயே தங்கி, டூலைத் தின்றுவிடும்.

அன்றைக்கு ஓடினது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த அலாய். எடை ஸ்டீலில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். ஆனா வலிமை 900 மெகாபாஸ்கலுக்கு மேல. ஜெட் இன்ஜின் கம்ப்ரஸர் பிளேடு, ராக்கெட்டில் அழுத்த வாயு அடைக்கும் உருண்டைகள், இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட் எல்லாம் இதில்தான். வல்லம் வடகாலில் சிப்காட் ஏரோஸ்பேஸ் பார்க் வந்தபிறகு, நம்ம ஏரியாவுக்கு இந்தப் பேர் இனி புதுசு கிடையாது.

இந்த மாதிரி உலோகத்தை நம்ம நாட்டிலேயே எடுக்கணும் என்று வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அக்னிச் சிறகுகள் படித்தவர்களுக்கு அவர் பேர் ஞாபகம் இருக்கும்: டாக்டர் பிரம்ம பிரகாஷ்.

1912 ஆகஸ்ட் 21 அன்று லாகூரில் பிறந்தார். கெமிஸ்ட்ரி படித்தார். பிறகு அமெரிக்கா போய் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1951ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மெட்டலர்ஜி துறைக்குத் தலைவரானார். அந்தத் துறைக்கு முதல் இந்தியத் தலைவர் அவர்தான். 1957ல் ஹோமி பாபாவின் அணுசக்தித் துறைக்காக மும்பை ட்ராம்பேக்கு முழுநேரமாகப் போனார்.

அங்கே அவருக்கு முன்னால் இருந்த பெரிய கேள்வி சிர்கோனியம். பீரியாடிக் டேபிளில் டைட்டானியத்துக்கு நேர் கீழே இருக்கும் தம்பி. அணு உலைக்குள் யுரேனியத்தை அடைக்கும் குழாய் நியூட்ரானை விழுங்கக் கூடாது, சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்கணும். அதுக்குச் சிர்கோனியம் சரியான ஆள். ஆனா இயற்கையில் கூடவே ஹாஃப்னியம் ஒட்டிக்கொண்டு வரும். அது நியூட்ரானை நன்றாக விழுங்கும். அதனால் இரண்டையும் பிரித்தே ஆகணும்.

டைட்டானியமோ சிர்கோனியமோ, இரும்பு மாதிரி கரி போட்டு எடுக்க முடியாது. கரியோடு சேர்ந்து கார்பைடு ஆகிவிடும். சூட்டில் காற்று பட்டாலோ ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டையும் இழுத்துக்கொண்டு நொறுங்கிப் போகும். இதுக்கு வழி கண்டுபிடித்தவர் லக்சம்பர்க் நாட்டு வில்லியம் க்ரோல். தாதுவை முதலில் குளோரைடாக மாற்றி, காற்றே இல்லாத பாத்திரத்தில் மெக்னீசியத்தோடு வினைபுரிய வைத்தார். மிச்சமாக ஓட்டை ஓட்டையாக ஒரு உலோகக் கட்டி கிடைக்கும். அதற்குப் பேரே ஸ்பாஞ்ச். அதை வெற்றிடத்தில் மின்வில் கொடுத்து உருக்கினால்தான் இங்காட். விலை ஏன் இவ்வளவு என்பது இப்போ புரியுதா?

ட்ராம்பேயில் பிரம்ம பிரகாஷின் குழு இந்த வேலையில் இறங்கியது. 1960ல் சைரஸ் உலை இயங்கத் தொடங்கியபோது, அதன் எரிபொருளில் ஒரு பகுதி ட்ராம்பேயிலேயே செய்தது. லேபில் கைவந்ததைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோக, ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் உருவானது. மணலிலிருந்து சிர்கோனியம் குழாய் வரை எல்லாம் ஒரே இடத்தில். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வெளிநாடுகள் கதவைச் சாத்தியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1973ல் அதே ஊரில் மிதானி நிறுவனம் பிறந்தது. டைட்டானியம் அலாயும் ராக்கெட்டுக்கான சிறப்பு எஃகும் இன்றைக்கும் அங்கிருந்து வருகின்றன. அதை உருவாக்கியதிலும் அவர் பங்கு பெரியது. அதன் வளாகத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவர் பேர்தான்.

1971 டிசம்பர் 30 அன்று விக்ரம் சாராபாய் திடீரென இறந்துபோனார். தும்பாவில் தனித்தனியாக இருந்த ராக்கெட் பிரிவுகளைச் சேர்த்து 1972ல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தொடங்கியபோது, முதல் இயக்குநராக வந்தவர் பிரம்ம பிரகாஷ். வயது 60. ராக்கெட் அவர் துறையே இல்லை. நிறையப் பேர் ரிட்டயர் ஆகும் வயதில், புதுப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்த பிரிவுகளைக் குரல் உயர்த்தாமல் ஒன்றாகக் கட்டினார்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் எஸ்.எல்.வி-3 கிளம்பியது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டுக் கருவியில் அமிலம் கசிந்திருந்தது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காதவர், அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். சாயங்காலம் ஆகும் நேரத்தில் அவரை எழுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டவர் பிரம்ம பிரகாஷ். அதற்கு முன்பே இரண்டு தடவை வந்து பார்த்து, தூங்குகிறார் என்று திரும்பிப் போயிருக்கிறார். அதுவரை தானும் சாப்பிடவில்லை. சாப்பிடும்போது ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. தான் கட்டி வளர்த்த மையத்தின் முதல் பெரிய ராக்கெட் கடலில் கிடக்கிற அன்றைக்கு!

அந்த வருஷமே அவர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் அணு உலை உயிர் பெற்றது. அதுக்குள்ளே இருந்ததும் சிர்கோனியக் குழாய்கள்தான். ஆறு மாதம் கழித்து, 1984 ஜனவரி 3 அன்று பிரம்ம பிரகாஷ் காலமானார்.

டைட்டானியம் ஸ்பாஞ்ச் தொழிற்சாலையைப் பார்க்க அவர் இல்லை. ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். உருவாக்கிய தொழில்நுட்பத்தில், கேரளத்தின் சவராவில் வருஷத்துக்கு 500 டன் திறனோடு அது 2011ல் வந்தது. வழி அதே க்ரோல் வழி.

கன்னியாகுமரி டூர் போனால் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கொஞ்சம் நில்லுங்க. காலில் ஒட்டும் கருப்பு மணலில் இல்மனைட் இருக்கு, சிர்கானும் இருக்கு. டைட்டானியமும் சிர்கோனியமும் அண்ணன் தம்பியாக அங்கேதான் கிடக்கின்றன.