ஆசிரியரின் பெயரைச் சுமந்தவர்: உதகையில் உருவான அயோத்திதாசரின் கல்விக் கோரிக்கை

1845ஆம் ஆண்டு மே 20 அன்று பிறந்த காத்தவராயன், தமக்குக் கல்வி புகட்டிய வல்லகாளத்தி வீ. அயோத்திதாசப் பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். நாம் இன்று பெருமையுடன் உச்சரிப்பது ஒரு மாணவர் சுமந்த ஆசிரியரின் பெயரைத்தான். பௌத்தராக, சித்த மருத்துவராக, இதழாசிரியராக அவரைக் கொண்டாடும் நாம், பள்ளிகளைப் பற்றி அவர் முன்வைத்த கேள்வியைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

அவருடைய இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களும் வெள்ளையர் இல்லங்களும் சமவெளிச் சேரி மக்களை மலைமேல் இழுத்த காலம் அது. தோட்ட வேலையின் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் மிராசுதாரரின் பிடி அங்கே எட்டவில்லை. 1870களில் அவர் அங்கு அத்வைதானந்த சபையை நிறுவினார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனும் அம்மலையில் கணக்கராகப் பணியாற்றினார்.

சீனிவாசனின் மாணவப் பருவத்தை இங்கே நினைவுகூர வேண்டும். கோவைக் கலாசாலையில் பயின்றபோது, தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து பிறகே வகுப்பில் நுழைந்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். கதவு திறந்திருந்தது, அதனுள் அச்சமின்றி அமர்வதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசரின் முயற்சியால் நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. ஊர்தோறும் தனிப் பள்ளி வேண்டும் என்பதோடு, ஆசிரியர்களும் அம்மக்களிலிருந்தே அமர்த்தப்பட வேண்டும் என்றும் அது கோரியது. இந்த இரண்டாம் பகுதியே நம் கவனத்துக்குரியது. அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபையில் அவர் கோயில் நுழைவைக் கேட்டபோது எழுந்தது கூச்சல். நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் என்ற கோரிக்கைகள் மட்டுமே ஏற்கப்பட்டன.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் பள்ளிகள் ஐந்தாயின. இம்முயற்சிக்குத் துணைநின்றவர்களுள் அயோத்திதாசரும் ஒருவர். 1898இல் இருவரும் இலங்கை சென்று திரும்பினர். இப்பள்ளிகளுக்குத் தலைமையேற்ற அமெரிக்கப் பெண்மணிகள் சாரா பாமரும் பின்வந்த கோர்ட்ரைட்டும் மனப்பாடத்தைப் பின்தள்ளினர். பாட்டு, களிமண் உருவங்கள், கண்முன் வைத்துக் காட்டும் பொருள்கள் என்று மழலையர் கல்வி முறையைக் கொணர்ந்தனர். ஆசிரியர்களுக்கும் பயிற்சி கிடைத்தது. அரசுத் தேர்வுகளில் இப்பிள்ளைகளின் தேர்ச்சி மாகாணச் சராசரியை விஞ்சியதை ஆல்காட் பெருமிதத்தோடு எழுதினார். சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்ற வாதத்துக்கு இதைவிட வேறென்ன பதில் தேவை?

1907 பிப்ரவரியில் ஆல்காட் மறைந்தார். பிரம்மஞான சபையின் தலைமை அன்னி பெசன்டிடம் சென்றது. 1909இல் அவர் எழுதிய கட்டுரை, ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் தூய்மை கற்கும்வரை பிறருடன் ஒரே பள்ளியில் அமரலாகாது என்று வாதிட்டது. முன்னேற்றம் என்ற சொல்லை வைத்துக்கொண்டே விலக்கலை நியாயப்படுத்தும் வழி இது; நமக்குப் பழக்கமானதுதான். தம் மக்கள் தமக்கெனத் தனிப் பள்ளி கேட்டதும், பிறர் அவர்களைத் தனியே நிறுத்துவதும் ஒன்றல்ல.

அப்போது அயோத்திதாசரின் கையில் இதழ் இருந்தது. 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என வெளிவரத் தொடங்கிய வார ஏடு அது. கல்வியையும் கைத்தொழிலையும் வாரந்தோறும் வலியுறுத்திய அவர், பெசன்டின் போக்கையும் அதில் கண்டித்தார். 1914 மே 5 அன்று அவர் மறையும்வரை அந்த ஏடு நிற்கவில்லை.