ஏழிசை மன்னர் பாகவதர்

மாயவரத்தில் 1910ஆம் ஆண்டு பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். நாடக மேடையில் பண்பட்ட அவர்தம் குரல், 1934இல் 'பவளக்கொடி' வாயிலாகத் திரைக்கு வந்தது. 1944 தீபாவளியையொட்டி வெளியான 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். மக்கள் அவரைத் திரையில் கண்டு மகிழ்ந்த நாள்களில், அவரோ சிறையில் வாடினார்.

1947இல் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். எனினும் பழைய புகழ் திரும்பவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோரைப் புறக்கணித்துச் செருக்குடன் வாழ்ந்து, கால்களை இழந்தபின் திருந்தும் மைந்தனாக அவர் நடித்த 'ஹரிதாஸ்' படத்தை இன்றைய மாணவர்கள் ஒருமுறையேனும் காணல் வேண்டும். செல்வமும் புகழும் நிலையா என்பதை அப்படமும் அவர்தம் வாழ்வும் ஒருசேர உணர்த்தும்.