முகத்தைத் திருப்பிய திருக்கரம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் உம்முல் ஃபழ்ல் (ரலி) அம்மையாருக்கும் தலைமகனாகப் பிறந்தவர் ஃபழ்ல் (ரலி) அவர்கள். குர்ஆன் விரிவுரையில் புகழ்பெற்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் தமையனார். அழகிய தோற்றமுடைய வாலிபர். ஹுனைன் போரில் படை சிதறியபோதும் பெருமானாரை விட்டு அகலாதிருந்த சிலருள் ஒருவர்.

ஹிஜ்ரி 10-இல் (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது, முஸ்தலிஃபாவிலிருந்து மினா செல்கையில், நபியவர்கள் தம் ஒட்டகத்தில் இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். கஸ்அம் குலத்து இளம்பெண் ஒருவர் வந்து, வாகனத்தில் அமர இயலாத முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்டார். ஃபழ்ல் அப்பெண்ணையே நோக்கினார். அவரும் இவரை நோக்கினார். பெருமானார் தம் கரத்தால் ஃபழ்லின் முகத்தை மறுபுறம் திருப்பினார்கள்; ஹஜ் செய்யலாம் என்று அப்பெண்ணுக்கு விடையும் அளித்தார்கள். காரணத்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் வினவியபோது, இருவரும் இளையோராதலின் ஷைத்தானைக் குறித்து அஞ்சியதாக விளக்கினார்கள் எனத் திர்மிதீயில் காண்கிறோம்.

மார்க்கம் கேட்க வந்த பெண் கடிந்துகொள்ளப்படவில்லை. திரும்பியது, இஹ்ராமில் இருந்த நபித்தோழரின் முகமே. அந்நூர் அத்தியாயத்திலும் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30-ஆம் வசனத்தில் ஆண்களுக்கும், அதன்பின்னரே பெண்களுக்கும் வருகிறது. நாமோ கடலூர், சிதம்பரம் பேருந்து நிலையங்களில் நம் ஆண்பிள்ளைகள் நிற்கும் கோலத்தைக் கண்டும் காணாமல் வந்து, வீட்டில் பெண்மக்களுக்கு மட்டும் உபதேசம் செய்கிறோம்!

அப்பெண்ணின் கேள்வியைப் பிற்காலத்தில் தம்பிக்கு அறிவித்தவரும் ஃபழ்ல் அவர்களே. அந்த ஹஜ்ஜுக்குச் சில மாதங்களில் நபியவர்கள் மறைந்தபோது, திருமேனியை நீராட்டியோருள் ஒருவராயிருந்தார்கள். பின்னர் ஷாம் தேசம் சென்று அங்கேயே மறைந்தார்கள்.