நட்சத்திரங்களின் பருமனை அளந்த றொபேட் ஹன்பரி பிறவுண்

நீலகிரியிலே, வெடிமருந்துத் தொழிற்சாலையாற் பெயர்பெற்ற அருவங்காட்டிலே, 1916ஆம் ஆண்டு ஓகஸ்ற் 31ஆந் திகதி ஓர் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர் றொபேட் ஹன்பரி பிறவுண். ஆங்கிலேயரெனினும் தமிழ்நாட்டிற் பிறந்தவராதலின், அவரை நம்மவரென ஓரளவு உரிமை பாராட்டுகின்றோம்.

உடையார்கட்டிலிருந்து கல்லூரி விடுதிக்கு வந்தவர்கள் யாம். இராக்காலத்திற் குளக்கட்டில் நின்று நோக்குங்கால், அக்கரையில் இருவர் ஏந்திவரும் இரண்டு அரிக்கன் விளக்குகள் ஒரே சுடராய்த் தோன்றும். அண்மித்த பின்னரே பிரியும். தொலைகாட்டிக்கும் இக்குறை உண்டு. ஒளி அலையாதலின், எத்துணை செவ்விதாகத் தேய்த்த ஆடியாயினும் புள்ளியைச் சிறு வட்டமாகவே காட்டும். ஆடி அகன்றால் வட்டம் சுருங்கும். சிரியசு நட்சத்திரத்தின் கோணவிட்டமோ ஏறத்தாழ 0.006 விகலை, அதனை அளக்க 20 மீற்றர் அகன்ற ஆடி வேண்டும்.

போர்க்காலத்தில் றேடார் ஆக்கத்தில் உழைத்த பிறவுண், 1949இல் ஜொட்றல் பாங் வானொலி ஆய்வுநிலையத்தை அடைந்தார். அங்கே, கணித வல்லுநர் றிச்சாட் ருவிசுடன் கூடிப் புதுவழி கண்டார். தூரத்தூர வைத்த இரண்டு ஆடிகளின் ஒளியை ஒன்றுசேர்க்காது, ஒவ்வொன்றிலும் ஒளி ஏறியிறங்கும் துடிப்பை மாத்திரம் மின்னோட்டமாக்கி ஒப்பிட்டார்கள். ஆடிகளை விலக்க விலக்க அவ்வொப்புமை குறையும். குறையும் விதத்திலிருந்து நட்சத்திரத்தின் பருமன் கிடைக்கும்.

பௌதிக அறிஞர் பலர் இதனை மறுத்தனர். ஒளி துகளாக வருவதெனின், ஒரு துகள் இரண்டிடத்தும் எவ்வாறு படும் என்பது அவர் வினா. ஆய்வுசாலைகள் சில பரிசோதித்து, ஒப்புமை இல்லையென அறிக்கையும் விட்டன. அக்கருவிகளிலொன்று ஒப்புமையைக் காட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடவேண்டும் என்று பிறவுணும் ருவிசும் கணக்கிட்டுக் காட்டியது எமக்கு மிக உவப்பான செய்தி! துகள்கள் கூட்டமாக வரும் இயல்பினால் இது நிகழ்வதென அமெரிக்க அறிஞர் பேர்செல் 1956இல் விளக்கினார். அவ்வாண்டிலேயே, இராணுவத்தார் பயன்படுத்திய தேடொளி விளக்கின் ஆடிகள் இரண்டைக் கொண்டு சிரியசை அளந்த முடிபும் வெளிவந்தது: 0.0068 விகலை.

பின்னர் அவுஸ்திரேலியாவில் நறாபிறை என்னுமிடத்தில், 188 மீற்றர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் ஓடும் இரு பெரும் ஆடிகளை அமைத்து 32 நட்சத்திரங்களை அளந்தார். 1985இல் அனைத்துலக வானியற் சங்கத்தின் பேரவை புதுடில்லியிற் கூடியபோது தலைவர் அவரே.

அன்னார் 2002இற் காலமானார். அவர் ஆய்வு தூண்டிய ஒளிக் குவாண்டக் கொள்கைக்காக 2005இல் குளோபர் நோபல் பரிசு பெற்றார். நறாபிறைக் கருவி கலைக்கப்பட்டு நெடுநாளாயினும், அரிசோனாவிலுள்ள காமாக்கதிர்த் தொலைகாட்டிகள் நான்கினைக் கொண்டு அதே முறையில் நட்சத்திரங்களை மீண்டும் அளக்கத் தொடங்கியுள்ளனர்.