பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர்: ஒரு பொறியாளன் பார்வையில்

மலருக்கு ஒரு பெரியவரின் வரலாறு எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். பொறியியல் படித்தவர்கள் கூடும் இடம். பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக், மைசூரில் திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யா என்று எழுதினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்டவரோ நம் தொழிலைச் சேர்ந்தவர் அல்ல. ஒரு சின்ன ஜமீனுக்கு உரியவர். தமிழ் படித்தவர். 44 வயதிலேயே மறைந்துவிட்டவர். ஆனாலும் ஒன்றைக் கட்டி நிறுத்தினார். கட்டியவர் போய் நூறு ஆண்டு கடந்த பிறகும் அது நிற்கிறது. நம் தொழிலில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேறு என்னங்க இருக்கிறது? அவர்தான் பாலவனத்தம் ஜமீன்தார் பொன். பாண்டித்துரைத் தேவர்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். நான் அந்தப் பக்கத்துக்காரன். கரிசல் பூமி. மழை பெய்தால் கால் வைக்க முடியாது, பெய்யாவிட்டால் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் இவைதான் எங்க விளைச்சல். பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்து மதுரைச் சீமைக்கு வந்தது. எங்க ஊர் வரைக்கும் அது எட்டவில்லை. கிழக்கே திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறும் மழை பெய்தால் மட்டுமே ஆறு. வானம் பார்த்த இந்தப் பூமியில் கிடைத்த வருமானத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

தேவர் அவர்கள் 1867-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் பிறந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் உக்கிரபாண்டியன். தந்தையார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தவர். சமஸ்தான நிர்வாகத்தைப் பார்த்தவர், தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது பொருள் தந்து உதவியவரும் அவரே. ஆனால் மகன் விவரம் தெரியாத குழந்தையாக இருக்கும்போதே தந்தையார் காலமாகிவிட்டார். தகப்பனார் முகம்கூட நினைவில் இருந்திருக்காது. அவருடைய தமிழ்ப் பற்று மட்டும் சொத்தாக வந்து சேர்ந்தது.

பிறர் பொறுப்பில் வளர்ந்து, தமிழும் ஆங்கிலமும் கற்று, வயது வந்ததும் ஜமீன் பொறுப்பை ஏற்றார். சிற்றப்பா மகன் பாஸ்கர சேதுபதி, இவரைவிட ஒரு வயது இளையவர். 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணை நின்ற அதே சேதுபதிதான். இருவரும் கொடையில் ஒருவரை ஒருவர் மிஞ்சுவார்கள். புலவர்கள் இராமநாதபுரத்துக்கும் பாலவனத்தத்துக்கும் வந்து போய்க்கொண்டே இருந்த காலம் அது. உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பொருளுதவி செய்தவர்களில் நம் தேவரும் உண்டு. தாமும் சும்மா இருக்கவில்லை. பல நூல்களிலிருந்து நல்ல பாடல்களைத் திரட்டிப் பன்னூற்றிரட்டு என்று ஒரு தொகுப்பு நூல் கொண்டு வந்தார்.

இங்கே ஒரு கதை சொல்வாங்க. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளில் எதுகை சரியில்லை என்று தாமே சொற்களை மாற்றி அச்சிட்டுவிட்டாராம். தேவர் அந்தப் புத்தகங்களை மொத்தமாக விலை கொடுத்து வாங்கி அழித்துவிட்டாராம். கேட்கும்போது நமக்கும் ரத்தம் சூடாகிறது. ஆனால் பொறியாளன் கண்ணோடு பார்த்தால் இது பழுது பார்க்கும் வேலைதான். உடைந்த கரையில் ஒரு மூட்டை மண் போட்ட மாதிரி. நாளைக்கு இன்னொருவர் இன்னொரு பிழையான புத்தகம் போட்டால் என்ன செய்வது? எத்தனை முறை வாங்கி அழிப்பது? இந்தக் கேள்விக்குத் தேவர் சொன்ன பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்தப் பதில் 1901-இல் வந்தது.

அந்த ஆண்டு மதுரையில் மாகாண மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தேவர் மதுரையில் தங்கியிருந்தபோது, சொற்பொழிவுக்குப் பார்த்துக்கொள்வதற்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் பேர் பெற்ற மதுரையில் அந்தப் புத்தகங்கள் லேசில் அகப்படவில்லை என்பார்கள். மற்ற ஜமீன்தாராக இருந்தால் ஆள் அனுப்பி ஊரிலிருந்து தம் பிரதியை எடுத்து வரச் சொல்லியிருப்பார், காரியம் முடிந்திருக்கும். இவருக்கோ குறை தம்முடைய பெட்டியில் இல்லை, ஊரில் இருக்கிறது என்று பட்டுவிட்டது. மாநாட்டுக்கு வந்திருந்த பெரியவர்களிடமே தமிழுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். 1901 செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. புராணத்தில் சொல்லும் மூன்று சங்கங்களுக்குப் பிறகு வந்ததால் நான்காம் தமிழ்ச் சங்கம் என்று பேர். தலைவர் தேவர், பாஸ்கர சேதுபதி பக்க பலம்.

இனி நம் தொழில் கண்ணால் அந்தச் சங்கத்தின் பிளானைப் பாருங்கள். வெறும் கூட்டம் போட்டுப் பேசுகிற இடமாக அதை அவர் அமைக்கவில்லை. படிப்பதற்குப் புத்தகம் வேண்டும். அதற்குப் பாண்டியன் புத்தகசாலை. புத்தகத்தைப் படிக்க ஆள் வேண்டும். அதற்குச் செந்தமிழ்க் கலாசாலை. படித்தவனுக்குத் தகுதிச் சான்று வேண்டும். அதற்குப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படித் தேர்வுகள். ஏட்டில் இருப்பது வெளியே வர வேண்டும். அதற்குச் சொந்த அச்சுக்கூடம். புலவர்கள் தங்களுக்குள் விவாதித்துத் திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதற்குச் செந்தமிழ் என்ற மாத இதழ், 1902-இல் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார்.

ஒன்றின் வெளிவரத்து அடுத்ததற்கு உள்வரத்து. எங்க பக்கத்துக் கண்மாய்களைப் போல என்று சொல்லலாம். மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். தனியாக ஒரு குளத்தை வெட்டினால் அது ஒரு கோடையில் வற்றிவிடும். தொடராக அமைத்தால் கொஞ்ச மழையிலும் ஊர்கள் பிழைக்கும். கலாசாலையில் படித்தவன் தேர்வு எழுதிப் பண்டிதர் ஆனான். பண்டிதர் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் ஆனார். அவரிடம் படித்த பிள்ளை செந்தமிழ் வாங்கிப் படித்தான். பிழையான புத்தகத்தை அழிப்பதற்கும் சரியான புத்தகம் தானாக வரும்படி ஒரு ஏற்பாடு செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு அபிதான சிந்தாமணி ஒன்று போதும். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தன்னந்தனியாகப் பல ஆண்டு உழைத்துத் தமிழில் ஒரு கலைக்களஞ்சியத்தையே எழுதி வைத்திருந்தார். அச்சிட உதவி தேடி அலைந்தும் கை கொடுப்பார் இல்லை. அது தேவர் பார்வைக்கு வந்தது. 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக, ஆயிரம் பக்க அளவில் வெளியாயிற்று. இன்றைக்கும் நூலகங்களில் புரட்டுகிற புத்தகம். அச்சுக்கூடமும் சங்கமும் முன்பே தயாராக இருந்ததால்தான் முதலியாரின் கட்டு கரையானுக்குப் போகாமல் தப்பியது.

தேவர் கை வைத்தது எல்லாம் நிலைத்தது என்று சொல்லிவிட முடியாது. 1906 அக்டோபர் 16-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரின் முயற்சியால் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள். அதன் தலைவராகப் பெயர் கொடுத்தவர், பணமும் கொடுத்தவர், பாலவனத்தம் ஜமீன்தார். ஆங்கில அரசின் தயவில் இருந்த ஒரு ஜமீன்தாருக்கு அது லேசான காரியம் இல்லை. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன; கொழும்புக்கு ஓடின. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவர்கள் நஷ்டத்தைப் பார்க்காமல் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதிகாரிகளும் அவர்கள் பக்கம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், இயக்கியவர் சிறைக்குப் போனதும் கம்பெனி தள்ளாடியது, 1911-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் தேவரும் காலமானார். பாஸ்கர சேதுபதி முன்பே 1903-இல், வாரிக் கொடுத்துக் கடனாளியாகி, 35 வயதில் போய்விட்டார்.

கப்பல் கம்பெனி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதை வெளியிலிருந்து அடித்து உடைத்தார்கள்; அந்த அடி வேறு. ஆனால் சங்கத்துக்கும் அடி விழாமல் இல்லை. பத்தே ஆண்டில் தாங்கி நின்ற இரண்டு தூண்களும் சாய்ந்துவிட்டன. 1948-இல் வந்த சட்டத்தால் ஜமீன் முறையே ஒழிந்தது. சங்கம் மட்டும் நின்றது. மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை என்று ஒரு சாலைக்கே அதன் பேர். அன்றைய கலாசாலை இன்று செந்தமிழ்க் கல்லூரி. தலைவர் போன பிறகும் எடை தாங்கும்படி பாரத்தைப் பல தூண்களுக்குப் பிரித்து வைத்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது புகழ் மாலையாகப் போய்விடும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எங்க கரிசல் காட்டிலிருந்து. என் பூட்டன் போன்ற சம்சாரிகள் கட்டிய தீர்வையிலிருந்து. மழை பொய்த்த வருஷமும் ஜமீனுக்குக் கட்டத்தான் வேண்டும். அந்தக் காசில் மதுரையில் சங்கம் வந்தது. ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. இதை நினைத்து இளம் வயதில் எனக்குக் கோபம்கூட உண்டு. ஆனால் அதே தீர்வைப் பணத்தை வேட்டைக்கும் விருந்துக்கும் வழக்குக்கும் தொலைத்த ஜமீன்கள் நாட்டில் எத்தனையோ. எங்க பூட்டன் கட்டின காசில் ஒரு புத்தகசாலையும் அகராதியும் பண்டிதர்களும் கிடைத்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஐயா ஒரு பண்டிதர். சுற்றி வளைத்து அந்தக் காசு என்னிடம் திரும்பி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நம் கதைக்கு வருகிறேன். வேலைக் காலத்தில் நான் பார்த்த காட்சி ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வறண்ட கிராமம் ஒன்றில் நல்ல மனம் படைத்தவர்கள் சேர்ந்து மேல்நிலைத் தொட்டி கட்டிக் கொடுப்பார்கள். திறப்பு விழா, மாலை, போட்டோ எல்லாம் உண்டு. இரண்டு வருஷம் கழித்துப் போனால் கல்வெட்டு பளபளவென்று இருக்கும், தொட்டி காய்ந்து கிடக்கும். மோட்டார் காயில் எரிந்திருக்கும். ஆபரேட்டருக்குச் சம்பளம் யார் தருவது, கரண்ட் பில் யார் கட்டுவது, வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது என்று எஸ்டிமேட்டில் ஒரு வரியும் இருந்திருக்காது. கொடுத்தவர்களிடம் மனம் இருந்தது. இயக்குவதற்கு ஏற்பாடு இல்லை.

இந்தக் கூடலிலும் நிதி திரட்டப் போகிறோம். நம் செட்டில் நன்றாக இருப்பவர்கள் பலர். கேட்டால் இல்லை என்று சொல்லாதவர்கள். கட்டிடம் கட்டலாம் என்பார்கள் சிலர், கல்வி உதவி என்பார்கள் சிலர், குடிநீர் என்பார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் சரி. முதலில் ஒரு தாளில், நாம் யாருமே இல்லாத இருபதாவது வருஷத்தில் இதை யார் நடத்துவார்கள், பணம் எங்கிருந்து வரும், நடத்துகிற ஆளை யார் பழக்குவார்கள் என்று எழுதிவிட்டு, அப்புறம் முதல் ரூபாயைப் போடுவோம். ஓர் அறை சின்னதாகப் போனாலும் பரவாயில்லை, பராமரிப்புக்கு ஒரு பகுதியைத் தனியாக வங்கியில் போட்டு வைப்போம். ஊர்ப் பையன் இரண்டு பேரை அந்த வேலைக்கே பழக்குவோம். டிப்ளமோ கூடப் படிக்காத எங்க ஊர் ஜமீன்தார் 34 வயதில் செய்த வேலை இது. பட்டம் வாங்கிய நாம் செய்ய முடியாதா என்ன?