மேகத்தைக் கணக்கிட்ட மேதை

லண்டன் நகரம். 1935-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். விஞ்ஞானிகள் சபையில் ஒரு தமிழ் வாலிபர் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்த பெரிய விஞ்ஞானி எடிங்டன் அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது.

அந்த வாலிபர்தான் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 24.

அவர் பிறந்தது 1910-இல், லாகூரில். தகப்பனார் சுப்பிரமணிய அய்யர், ரெயில்வே கணக்கு அதிகாரி. சிற்றப்பா யார் தெரியுமா? திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன்! பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சி ஜில்லாவில்தான் இருந்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். நட்சத்திரம் எரிந்து ஓய்ந்தபின் என்ன ஆகும் என்று கப்பலிலேயே கணக்குப் போட்டார். எடிங்டன் கேலி செய்தது அந்த ஆராய்ச்சியைத்தான்.

சந்திரசேகர் சோர்ந்து உட்காரவில்லை. 1937-இல் அமெரிக்கா போய் வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். 1949-இல் வானத்து வாயுக்களின் கொந்தளிப்பை ஆராயத் தொடங்கினார்.

மேகத்தில் சுழல்

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது அரியலூர்ப் பக்கத்து மக்கள் பார்த்திருப்பார்கள். பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்களாகும். அவையும் உடைந்து அடங்கும்.

வானத்திலும் மேகங்கள் உண்டு. மழை மேகம் அல்ல. வாயுவும் தூசியும் கலந்த பெருந்திரள். அங்கேதான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. மேகம் தன் எடையாலேயே உள்ளே சரியப் பார்க்கும். கொந்தளிப்போ அதைத் தாங்கிப் பிடிக்கும். இதை 1951-இல் சந்திரசேகர் கணக்கால் காட்டினார்.

ஆனால், ஆற்றுச் சுழல் போல அந்தக் கொந்தளிப்பும் அடங்கிவிட வேண்டுமே! அதை ஓயாமல் கலக்குவது யார்?

பின்னால் வந்த விஞ்ஞானிகள் விடை கண்டார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அங்கே பிறந்த இளம் நட்சத்திரங்களே! அவை இருபுறமும் வாயுவைப் பீய்ச்சி அடிக்கின்றன. விநாடிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகம்! பெற்ற மேகத்தையே பிள்ளை கலக்குகிறது. அதனால், மேகம் முழுவதும் ஒரேயடியாக நட்சத்திரமாகிவிடுவதில்லை.

வென்றது கணக்கு

ஒருகாலத்தில் சிரிப்புக்கு இடமான கப்பல் கணக்கு சரி என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது வயது 73. 1995-இல் அவர் காலமானார்.

அவர் நினைவாக, 'சந்திரா' என்ற தொலைநோக்கி 1999-இல் விண்ணில் ஏவப்பட்டது. ஓரியன் மேகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரங்களை அது படம் பிடித்தது.

அந்த மேகத்தை நீங்களும் பார்க்கலாம். தை மாத இரவில், பெரம்பலூர் வயல்வெளியில் நின்று திருவாதிரை நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதற்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் சற்றுத் தெற்கே, மங்கலாக ஒரு திட்டுத் தெரியும். அதுதான்!